ஆமா அண்ணாச்சியும் மருதப்ப ராஜாவும்

மும்பையில் இதுவரை தமிழில் சொல்லப்பட்ட கதைகளில் பாதியை ஆமா அண்ணாச்சிதான் சொல்லியிருக்கிறார். அவர் தம் ஆயுளில் ஒரு கதையைக்கூடச் சொன்னதில்லை என்பது இந்த உண்மையை எந்த விதத்திலும் பாதிக்காது.

வில்லுப்பாட்டு பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவில் மணிகள் கட்டிய பெரிய வில். அதன் நாணை வீசுகோலால் தட்டியபடி ஒருவர் கதை சொல்வார். சுற்றிலும் குடம், உடுக்கை, ஜால்ரா. இவர்களோடு இன்னொருவர் கையில் எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். கதை சொல்பவர் ஒரு வரி சொல்லி மூச்சு வாங்கும்போது "ஆமா" என்று சொல்வதுதான் அவர் வேலை. அந்த ஆமா விழுந்த பிறகுதான் கதையில் அது நடந்ததாக அர்த்தம். விழவில்லையென்றால், குதிரையில் ஏறிய ராஜா ஒரு காலைத் தூக்கியபடி அந்தரத்தில் நிற்க வேண்டியதுதான்.

தாராவியில் எங்கள் குழுவில் ராஜாக்களை அந்தரத்தில் நிற்கவிடாமல் காப்பாற்றிவந்தவர் அண்ணாச்சி. பகலில் பை தைக்கும் பட்டறையில் ஜிப் மாஸ்டர். ஒல்லியான உடம்பு. ஐம்பது பைகளுக்கு ஜிப் வைத்துவிட்டு எழுந்தாலும் சட்டையில் மடிப்புக் கலையாது. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த டீச்சர் ஒரு பெயரைச் சொல்லி, "ஆப் ஹி ஹைனா?", நீங்கள்தானே என்று கேட்டாராம். அண்ணாச்சி "ஆமா" என்றாராம். டீச்சர் வரிசை மாறி அடுத்த வீட்டுக்காரர் பெயரையும் சொன்னாராம். அதற்கும் ஆமா. மூன்றாவது பெயர் ஒரு பெண்மணியுடையது என்பதால் டீச்சர் தலை நிமிர்ந்து பார்த்தாராம். இல்லாவிட்டால் அந்தச் சந்து முழுக்க ஒரே ஆள்தான் இன்றைக்கு ஓட்டுப் போட்டுக்கொண்டிருப்பார்.

ஆமா என்றால் ஓர் ஆமா என்று நினைத்துவிடாதீர்கள். ராணிக்குப் பிள்ளை பிறந்தால் ஓர் ஆமா. அதில் சர்க்கரை இருக்கும். தளபதி துரோகம் நினைத்தால் ஓர் ஆமா. பல்லிடுக்கில் தேங்கி, தயங்கித்தான் வெளியே வரும். யாரேனும் சாகப்போகிறார் என்றால் அண்ணாச்சி வாயையே திறக்காமல், மூக்கின் அடியில், தகரக் கூரையில் விழும் முதல் மழைத்துளி மாதிரி ஒன்று போடுவார். முன்வரிசையில் இருக்கும் பெண்கள் முந்தானையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இன்னும் யாரும் செத்திருக்கமாட்டார்கள்.

நான் மாட்டுங்காக்காரன். கிங்ஸ் சர்க்கிள் காபியும் அலுவலகக் கோப்புகளும் வளர்த்த ஆள். ஏதோ பத்திரிகைக்கு எழுதலாம் என்று தாராவிக் கோவில் கொடை விழாவுக்குப் போனேன். அன்றைக்கு ஜால்ராக்காரர் ஊருக்குப் போயிருந்தார். கதை சொல்லும் புலவர் என்னைப் பார்த்து, "சும்மாதானே நிக்கிய, இதப் புடிங்க" என்று ஜால்ராவைக் கையில் கொடுத்தார். இன்னும் திருப்பி வாங்கவில்லை. எழுத்தாளனுக்கு ஜால்ரா பொருத்தம்தான் என்று என் நண்பர்கள் சொன்னார்கள். நான் அந்த நண்பர்களை மாற்றிவிட்டேன்.

அண்ணாச்சியின் ஆமா மேடையோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. மேடையை விட்டு இறங்கியும் அது ஓயவில்லை.

ஒருநாள் பட்டறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. கிரெடிட் கார்டு விற்கும் பெண். எல்லோரும் செய்வது போல நானாக இருந்தால் பாதி வாக்கியத்தில் வெட்டியிருப்பேன். அண்ணாச்சி ஜிப்பை வைத்துவிட்டு, "ஹாங்" என்றார். அந்தப் பெண் அடுத்த வரி சொன்னாள். "அச்சா" என்றார். அந்தப் பெண் நிறுத்தினாள். அவள் வாழ்க்கையில் யாரும் அந்த இடம்வரை கேட்டதில்லை போலிருக்கிறது. அண்ணாச்சி மிருதுவாக, "ஃபிர்?" என்றார். அப்புறம் என்ன ஆச்சு என்பதற்கு அவர் கண்டுபிடித்த ஹிந்தி அது. அவ்வளவுதான். கார்டு போயிற்று, வட்டி போயிற்று, அந்தப் பெண்ணின் மேனேஜர் வந்தான், மேனேஜரின் கெட்ட குணம் வந்தது, குர்லாவில் அவள் அம்மாவின் முழங்கால் வலி வந்தது. போனை வைக்கும்போது அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். அண்ணாச்சி கார்டு வாங்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் பிள்ளையார் சதுர்த்தி நிகழ்ச்சிக்கு அவள் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல், முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டாள்.

இன்னொரு நாள் கல்யாணில் நிகழ்ச்சி முடிந்து லோக்கலில் திரும்பிக்கொண்டிருந்தோம். எதிர் சீட்டில் ஒரு மராத்திக்காரர், இரண்டு நாள் தங்க வந்த மாமியார் மழைக்காலம் முடிந்தும் போகவில்லை என்று போனில் யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு விட்ட இடத்தில் அண்ணாச்சி தன்னையறியாமல் ஒரு "ஹாங்" போட்டார். மனிதர் நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு வரி சொன்னார், இன்னொரு ஹாங். பாண்டுப் தாண்டுவதற்குள் அவர் போனை அணைத்துவிட்டு அண்ணாச்சியிடமே நேராகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இறங்க வேண்டிய விக்ரோலி வந்தது, போனது. சயனில் நாங்கள் இறங்கினோம். அவரும் இறங்கினார். பிளாட்பாரத்தில் மாமியாரை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, அண்ணாச்சியின் கையைப் பிடித்து, "பாவு, மன ஹல்கா ஜாலா" என்றார். மனசு லேசாகிவிட்டதாம். எங்கள் மனசு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை.

செம்பூரில் ஒரு ஹவுஸிங் சொசைட்டி. நவராத்திரிக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சீக்கிரம் போய்விட்டோம். கீழே ஹாலில் சொசைட்டிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அந்தச் செக்ரட்டரி பேசினால் யாரும் கேட்பதில்லை என்பது அந்தக் கட்டடத்தின் பாரம்பரியம். அன்றைக்கு அவர் "நம்ம லிஃப்டுக்கு ஒரு கௌரவம் வேண்டாமா" என்று ஆரம்பித்ததும் பின் வரிசையிலிருந்து ஓர் ஆமா வந்தது. செக்ரட்டரி தோளை நிமிர்த்தினார். "பச்சை நிறம் கண்ணுக்குக் குளிர்ச்சி." ஆமா. "கிளிப்பச்சை." அந்த ஆமாவில் என்ன இருந்ததோ, செக்ரட்டரியின் பரம விரோதியான மூன்றாம் மாடி மாமாகூடக் கையைத் தூக்கிவிட்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அந்த லிஃப்ட் இன்றும் கிளிப்பச்சையாகத்தான் மேலும் கீழும் போய்வருகிறது. மூன்றாம் மாடி மாமா படியேறிப் போகிறார்.

இப்பேர்ப்பட்ட மனிதர், ஊரே வந்து மனசைக் கொட்டிவிட்டுப் போகும் இந்தக் கிணறு, ஒரே ஓர் ஆளோடு மட்டும் பேசமாட்டார். அது புலவர்.

ஆமாம், கதை சொல்லும் அதே புலவர்தான். செம்பூரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை அதட்டி அதட்டி வளர்ந்த கனமான குரல். மைக் இல்லாமலே மாஹிம் வரை போகும். புலவரும் அண்ணாச்சியும் மீசை அரும்பிய காலத்தில் ஒரே ரயிலில் திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கியவர்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். சண்டைக்குக் காரணம் ஒரு நோட்டீஸ்.

ஒரு வருஷம் கொடைக்கு நோட்டீஸ் அடித்தார்கள். புலவர் பெயர் பெரிய எழுத்தில். குடத்துக்காரர் பெயர் இருந்தது. உடுக்கைக்காரர் பெயர் இருந்தது. ஜால்ராவைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாத என் பெயர் இருந்தது. கடைசி வரியில் 'மற்றும் பலர்' என்று இருந்தது. குழுவில் பாக்கி இருந்தது ஒரே ஒருவர்.

"நான் ஒத்த ஆளுவே. எப்படிவே பலர் ஆவேன்?" என்று, புலவர் அதைப் படித்துக் காட்டிய இடத்தில் அண்ணாச்சி கேட்டார்.

"பிரஸ்காரன் உம்ம பேரக் கேட்டான். எனக்குத் தெரியல. ஆமா அண்ணாச்சின்னு போட்டா மரியாதையா இருக்காதுன்னு அப்படிச் சொன்னேன்" என்றார் புலவர்.

"இத்தன வருசம் பழகி எம் பேரு தெரியாதா உமக்கு?"

"நீரு சொன்னீரா?"

"நீரு கேட்டீரா?"

அங்கேதான் முடிச்சு விழுந்தது. யாராவது ஒன்று சொன்னால்தான் அண்ணாச்சிக்கு வாய் திறக்கும். தானாக ஒன்றைத் தொடங்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. புலவருக்கோ கேட்கும் பழக்கம் கிடையாது, அவர் சொல்கிற ஆள். ஆகவே அந்தப் பெயர் கேட்கப்படவும் இல்லை, சொல்லப்படவும் இல்லை. பேச்சுவார்த்தை நின்றது. ஒரே சந்தில் எதிரெதிர் வீடு. ஒருவர் வெளியே வந்தால் மற்றவர் வானத்தைப் பார்ப்பார். அந்தச் சந்தில் வானம் ஒரு முழம்தான் தெரியும். அதையும் இருவரும் பங்குபோட்டுப் பார்த்தார்கள்.

ஆனால் மேடை வேறு. மேடையில் புலவர் சொல்லியாக வேண்டும், அண்ணாச்சி ஆமா போட்டாக வேண்டும். அங்கே நட்பு எந்தச் சேதமும் இல்லாமல், பிரிக்காத பார்சல் மாதிரி அப்படியே இருந்தது. இப்படித்தான் மருதப்ப ராஜா பிறந்தார்.

எந்தக் கதையானாலும் நடுவில் ஒரு கிளைக்கதை செருகுவது புலவரின் வழக்கம். சண்டைக்குப் பிறகு அந்தக் கிளைக்கதை முழுக்க மருதப்ப ராஜா என்று ஒருவரைப் பற்றியே ஆயிற்று. அந்த ராஜாவின் மகளுக்கு நாலாசோபாராவில் மாப்பிள்ளை பார்த்தார்கள். ராஜாவின் தேருக்கு ஆர்.டி.ஓ. பாஸிங் கிடைக்கவில்லை. ராஜாவுக்கு ராத்திரியில் அசிடிட்டி. புலவர் வீட்டுச் செய்தி முழுக்க இப்படி வில்லில் ஏறி அண்ணாச்சியின் காதுக்குப் போகும். அண்ணாச்சியும் சும்மா இருப்பாரா. ஆமா போடுகிறவருக்கு இடையில் ஒரு கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

"ஏண்ணே, அந்த ராஜாவோட மந்திரிக்குப் பேரன் பொறந்திருக்கானாமே, ராஜாவுக்குத் தெரியுமா?"

புலவரின் வீசுகோல் நாணில் துள்ளும். "தெரியும்வே. ராஜா அரண்மனை மாடத்துல நின்னு பாத்தாரு. புள்ளைக்கு மந்திரி மூக்கு."

"ஆமா."

அந்த ஆமாவைக் கேட்டுக் கூட்டம் கை தட்டும். சந்து முழுவதற்கும் யார் ராஜா, யார் மந்திரி என்று தெரியும். தெரியாதது போல இருப்பது எங்கள் ஊர் மரியாதை. கொடை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் இருவரும் மறுபடி வானத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள்.

இந்த ராஜ்யம் இப்படியே நடந்திருக்கும். போன வருஷம் புலவரின் குரலில் மணல் விழுந்தது. முதலில் சளி என்றார்கள். பிறகு வேனில் ஏசி என்றார்கள். கடைசியில் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, தொண்டையில் ஒரு கட்டி என்றார்கள். நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். எடுக்கத் தாமதித்தால் கேள்வியே மாறிவிடும் என்று டாக்டர் சொன்னார். எடுத்தால் குரல் பழையபடி இருக்குமா என்று புலவர் கேட்டார். சொல்ல முடியாது என்றார் டாக்டர். புலவர் எழுந்து வந்துவிட்டார்.

"கத்தி வைக்க விடமாட்டேன்" என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டார். மகள் அழுதாள். மருமகன் ஃபோனில் படம் காட்டி விளக்கினான். நான் போய் என் இலக்கியத்தையெல்லாம் பேசிப் பார்த்தேன். "நீங்க ஜால்ராவ மட்டும் பாருங்க" என்றார்.

புலவரின் மனைவி இசக்கியம்மாள் ஒரு காலைப்பொழுது பட்டறைக்கே வந்துவிட்டாள். நானும் இருந்தேன்.

"அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த மனுசன் உலகத்துல ஒங்க பேச்சத்தான் கேக்கும்."

அண்ணாச்சி ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பேச்சுவார்த்த இல்லியே மைனி."

"அந்த நோட்டீசு இன்னுமா ஓடுது? ஒங்க வீறாப்பத் தூக்கி அடுப்புல வையுங்க. நாளைக்கு அவுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, யாரு சொல்ல நீங்க ஆமா போடுவிய?"

அண்ணாச்சி வாய் திறந்தது. இசக்கியம்மாள் சொன்னதற்கு ஆமா என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. அவள் போன பிறகு நெடுநேரம் ஒரே ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தார்.

"போய்ப் பேசுங்களேன் அண்ணாச்சி" என்றேன்.

"என்னன்னு தம்பி ஆரம்பிக்க?" என்றார். வீறாப்பில் சொன்னதல்ல. அந்த மனிதருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

பத்து நாளில் கொடை வந்தது. உடம்பு சரியில்லாதவரை இந்தத் தடவை யாரும் கூப்பிடவில்லை, புலவரே வில்லைத் துடைத்து வைத்தார். சாயங்காலம் வெயில் தாழ, கோவில் முன்னால் பந்தல் நிறைந்துவிட்டது. இசக்கியம்மாள் முன்வரிசையில் இருந்தாள். புலவர் பாடினார். குரல் கிழிந்த துணி மாதிரி இருந்தது, ஆனால் கிழிசலுக்குள்ளும் அவர் அழகாகவே பாடினார். நடுக்கதை வந்தது. மருதப்ப ராஜா வந்தார்.

"ராஜாவுக்குத் தொண்டையில ஒரு முள்ளு."

"ஆமா." மூக்கின் அடியில் விழுந்த அந்த முதல் துளி.

"வைத்தியன் வந்தான். பாத்தான். கத்தி வைக்கணும்னான்."

"ஆமா."

"ராஜா சொன்னாரு. கத்தி வேணாம். இருக்குத மட்டும் பாடிட்டு, இப்படியே போயிருதேன்னாரு."

புலவர் மூச்சு வாங்கினார். நான் ஜால்ராவைத் தூக்கினேன். குடத்துக்காரர் கையை ஓங்கினார்.

ஆமா விழவில்லை.

ஒலிபெருக்கிக்கு உள்ளே ஒரு பூச்சி ரீங்கரிப்பதுகூடக் கேட்டது. அண்ணாச்சி மறந்துவிட்டார் என்று நினைத்துப் புலவர் இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கச் சொன்னார். "இப்படியே போயிருதேன்னாரு ராஜா."

"இல்ல" என்றார் அண்ணாச்சி.

மைக்கில் கேட்டது அது. பந்தலின் கடைசியில் கரும்பு ஜூஸ் பிழிபவன் சக்கரத்தை நிறுத்தினான்.

"என்னவே?" என்றார் புலவர்.

"ராஜா அப்படிச் சொல்லல."

"கதைய நான் சொல்லுதேனா நீரு சொல்லுதீரா?"

"நீருதான் சொல்லுதீரு. நான் ஆமா போடணும்லா? போடமாட்டேன்."

விழாக் கமிட்டித் தலைவர் மேடையோரம் வந்து, "அண்ணாச்சி, மைக் பர்மிஷன் பத்து மணி வரைக்கும்தான்" என்று கிசுகிசுத்தார். அண்ணாச்சி அவர் பக்கம் திரும்பவே இல்லை. புலவர் கெட்டிக்காரர். மெதுவாக வேறு பக்கம் போய் அவரை இழுக்கப் பார்த்தார்.

"அன்னைக்குச் சூரியன் கெழக்கால உதிச்சுது."

பதில் இல்லை.

"கெழக்காலதானவே உதிக்கும்?"

"அத ராஜா ஆஸ்பத்திரிக்குப் போன பொறவு பாத்துக்கிடலாம்."

பந்தல் சிரித்தது. பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டு அடங்கியது. பின்னால் ஒரு பெண் எழுந்து, "அண்ணாச்சி சொல்லுதது சரிதான். ராஜாவக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். இன்னொருவர், "கதையில கூட்டம் பேசப்படாது" என்று அவளை அதட்டினார். அவரை நாலு பேர் அதட்டினார்கள். இசக்கியம்மாள் மட்டும் அசையாமல் இருந்தாள். முந்தானை வாய்க்குள் இருந்தது.

புலவர் வீசுகோலைக் கீழே வைத்தார். மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி, அண்ணாச்சியை நேராகப் பார்த்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, வானத்தைப் பார்க்காமல்.

"கொரலு போயிட்டுன்னா?" என்றார். கிட்டத்தில் இருந்த எங்களுக்கு மட்டும் கேட்டது. "கொரலு இல்லாம ராஜா என்னத்துக்குவே?"

கேள்வி வந்துவிட்டது. கேட்டால் பதில் சொல்ல அண்ணாச்சிக்குத் தெரியும்.

"கொரலு போனா போட்டும். மந்திரி எங்கன போயிட்டான்? பக்கத்துலதான இருக்கான். ராஜா உக்காந்தாப் போதும். பேசாம உக்காந்து இருக்கட்டும். ஆயுசு முழுக்க நான் ஆமா போடுதேன்."

நான் கவிதை எழுதி நரைத்தவன். அந்த வாக்கியத்தின் முன் என் பேனாக்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி மண்டியிடச் சொல்லலாம். ஒன்றும் சொல்லாத ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சொல்லாததற்கெல்லாம் ஆயுசு முழுக்க ஆமா போடுவேன் என்று ஒரு ஜிப் மாஸ்டர் சொன்னார். என் ஜால்ராவிலிருந்து தாளம் இல்லாத இடத்தில் கிணுங்கென்று ஒரு சத்தம் வந்தது. அன்றைக்கு யாரும் என்னைத் திட்டவில்லை.

புலவர் வீசுகோலை எடுத்தார். நெடுநேரம் எடுக்கவே முடியாதது போல எடுத்தார். நாணில் ஒரு தட்டு. மணிகள் எல்லாம் ஒன்றாகச் சிலிர்த்தன.

"ராஜா வைத்தியன்கிட்ட போனாரு."

அப்போது விழுந்த ஆமாவை எப்படி எழுதுவது. ரயில் பாலத்தின் மேல் ஏறும்போது அதன் சத்தம் சட்டென்று வெளியைப் பார்த்துத் திறக்குமே, அப்படித் திறந்தது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் கூடவே ஆமா என்றார்கள். கமிட்டித் தலைவர் சொன்னார். கரும்பு ஜூஸ்காரன் பீகாரி, அவனும் சொன்னான்.

குரல் திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. நல்ல கட்டிதான் என்று சொன்னார்கள். இப்போது குரலில் லேசாகத் துரு இருக்கிறது. மாஹிம் வரை போவதில்லை, சயனோடு நின்றுவிடுகிறது. இந்த வருஷக் கொடைக்கு மறுபடி இருவரும் வில்லருகே உட்கார்ந்தார்கள். மருதப்ப ராஜா இப்போது ஆவி பிடிக்கிறார், குளிர்ந்த தண்ணீர் குடிப்பதில்லை. சமரசம் ஆயிற்றா என்றும் கேட்பீர்கள். ஆகவில்லை. அந்தப் பெயர் இன்னும் கேட்கப்படவில்லை, சொல்லப்படவில்லை. சந்தில் எதிர்ப்பட்டால் இருவரும் அதே ஒரு முழ வானத்தைத்தான் பார்க்கிறார்கள். "இவ்வளவு நடந்தும் ஏன் அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அது வேற, இது வேற தம்பி" என்றார். நான் தலையாட்டினேன். புரிந்ததா என்று எனக்கே தெரியாது.

ஆனால் எனக்குள் நிற்பது கொடை மேடை இல்லை. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரி வார்டு.

இசக்கியம்மாள் கஞ்சி கொடுத்து அனுப்பியிருந்தாள். தூக்குவாளியோடு வார்டு வாசலுக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கட்டிலில் புலவர், கழுத்தில் கட்டு. ஒரு வாரத்துக்கு ஒரு சொல் பேசக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. பக்கத்தில் ஸ்டூலில் அண்ணாச்சி, மடிப்புக் கலையாத சட்டையோடு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புலவரால் எதையும் சொல்ல முடியாது. புலவர் சொல்லாமல் அண்ணாச்சிக்கு எதையும் தொடங்க முடியாது. மின்விசிறி சுற்றியது. பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

அண்ணாச்சி நெற்றியைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் எதுவும் சொல்லாமல், தானாக வாயைத் திறந்தார்.

"நேத்து மழை" என்றார்.

நிறுத்தினார். பதில் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. கொஞ்சம் பார்த்துவிட்டு, அவரே, "ஆமா" என்றார்.

"பட்டறையில கரண்டு போச்சு. ஆமா. மெஷின் நின்னுட்டு. ஆமா. சாயங்காலம் வரைக்கும் சும்மா உக்காந்திருந்தேன். ஆமா."

இதைவிட மோசமாகச் சொல்லப்பட்ட கதையை நான் கேட்டதில்லை. தலை இல்லை, வால் இல்லை, ஒரு ராஜா இல்லை. புலவரின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. சத்தம் வராமல், கண்ணில் தண்ணீர் முட்ட, ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நர்ஸ் ஓடிவந்து, "ஹஸாவோ மத், டாங்கா டூட்டேகா" என்று அண்ணாச்சியை அதட்டினாள். சிரிக்க வைத்தால் தையல் பிரிந்துவிடுமாம். அண்ணாச்சி பயந்து போய் அவளுக்கும் ஓர் ஆமா போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தித் தொடர்ந்தார். "பொறவு கரண்டு வந்துட்டு. ஆமா."

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. நான் உள்ளே போகவில்லை. வாசல் நிலையில் சாய்ந்தபடி, அவர் அடுத்த வரிக்கு மூச்சு வாங்கிய இடத்தில், யாருக்கும் கேட்காமல் நானும் ஓர் ஆமா போட்டேன்.